குமுலாரே: லத்தீனில் குவிப்பதைக் குறிக்கும் வினையைப் படிப்பது எப்படி?

லத்தீன் படிக்கத் தொடங்கிய முதல் வருடத்தில், ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் ஈனியட் காவியத்தில் ஒரு வரியை நான் தப்பாக மொழிபெயர்த்து நோட்டில் எழுதி வைத்திருந்தேன். 'குமுலத்க்வெ அல்தாரிய தோனீஸ்' என்பது அந்த வரியின் கடைசிப் பகுதி. அகராதியில் குமுலோ என்ற சொல்லுக்கு 'குவி' என்று பொருள் பார்த்தேன். அல்தாரிய என்றால் பலிபீடங்கள், தோனீஸ் என்றால் காணிக்கைகளால். ஆகவே 'காணிக்கைகளால் பலிபீடங்களைக் குவிக்கிறான்' என்று எழுதினேன். பலிபீடத்தை யாராவது குவிப்பார்களா? வாக்கியம் இடிக்கிறது என்று தெரிந்தது, ஏன் இடிக்கிறது என்று தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்த பிறகுதான் இந்த வினை எனக்குப் பிடிபட்டது. புதிதாக லத்தீன் படிப்பவர்களுக்கு அந்த வழியை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் உச்சரிப்பு பற்றி ஒரு சிறு குறிப்பு. லத்தீன் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். வல்லின எழுத்துகளைப் பொதுவாக வலித்தே ஒலியுங்கள். குமுலோவின் 'கு', 'குடம்' என்பதில் வரும் கு. மெலித்து ஒலிக்க வேண்டிய இடங்களில் தோனீஸின் முதல் எழுத்து முக்கியமானது, அது 'பந்து'வில் வரும் தகர ஒலி. தமிழ் எழுத்தில் ஒரு பெரிய வசதியும் உண்டு. எ-ஏ, ஒ-ஓ என்று குறில் நெடில் நமக்குத் தனித்தனி. லத்தீனிலும் இந்த வேறுபாடு பொருளையே மாற்றும், ஆனால் அவர்களுடைய எழுத்தில் அது தெரியாது. வகர ஒலியும் பழைய ரோமானியர்களுக்கு நம் 'வ' போலத்தான் இருந்தது. சர்ச் லத்தீன் கேட்டுப் பழகியவர்கள் சில சொற்களை வேறு மாதிரி ஒலிப்பார்கள். குமுலோவில் அந்தச் சிக்கல் இல்லை, இரண்டு மரபிலும் குமுலோதான்.

முதல் படி: வினைக்கு முன்னால் பெயர்ச்சொல்

குமுலாரே என்ற வினை 'குமுலுஸ்' என்ற பெயர்ச்சொல்லிலிருந்து வந்தது. குமுலுஸ் என்றால் குவியல். ஆனால் வெறும் குவியல் என்று மட்டும் மனதில் பதித்தால் பாதிதான் கிடைக்கும். படியில் அரிசி அளப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். விளிம்போடு கையால் வழித்துவிட்டால் அது தலைதட்டின படி. வழிக்காமல் விட்டால் விளிம்புக்கு மேலே கோபுரம் போல ஒரு கூம்பு நிற்கும். படி ஏற்கெனவே நிறைந்துவிட்டது, கூம்பு அதற்கு மேல் வந்தது. குமுலுஸ் என்ற சொல்லுக்கு அந்தக் கூம்பு என்ற பொருளும் உண்டு: நிறைவுக்கு மேலே வைக்கும் உபரி.

ரோமானியப் பேச்சாளர் சிசரோ தன் நண்பர் அத்திகுஸுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும் தன் மகிழ்ச்சிக்கு ஒருவருடைய வருகையால் பெரிய குமுலுஸ் வந்து சேரும் என்கிறார். நாம் 'மகுடம் வைத்தாற்போல்' என்போமே, அதே இடம். மேடைப்பேச்சின் முடிவுரையைச் சிலர் குமுலுஸ் என்று அழைத்ததாகப் பேச்சுக்கலை ஆசிரியர் குவிந்திலியன் குறிப்பிடுகிறார். சொன்ன வாதங்களுக்கெல்லாம் மேலே கடைசியாக வைக்கும் கூம்பு. இந்தப் பொருளை மறக்காதீர்கள், கட்டுரையின் கடைசியில் இது மறுபடி தேவைப்படும்.

இரண்டாம் படி: நான்கு வடிவங்கள்

லத்தீன் அகராதியில் வினைச்சொல்லைத் தேடும்போது 'நான் செய்கிறேன்' என்ற வடிவத்தில்தான் தேட வேண்டும். குமுலாரே என்று தேடினால் அச்சு அகராதியில் கிடைக்காது, குமுலோ என்று தேடுங்கள். பக்கத்தில் நான்கு வடிவங்கள் இருக்கும்: குமுலோ (குவிக்கிறேன்), குமுலாரே (குவிக்க), குமுலாவீ (குவித்தேன்), குமுலாதும் (எச்ச வடிவங்கள் பிறக்கும் அடி). இந்த நான்கும் வாயில் வந்துவிட்டால் மற்ற எல்லாவற்றையும் கட்டிக்கொள்ளலாம்.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இது கடினமே இல்லை. 'குவிக்கிறேன்' என்று சொன்னால் 'நான்' என்பது விகுதியிலேயே இருக்கிறது. லத்தீனும் அப்படித்தான். குமுலோ, குமுலாஸ், குமுலத், குமுலாமுஸ், குமுலாதிஸ், குமுலன்த்: நான், நீ, அவன் அல்லது அவள் அல்லது அது, நாம், நீங்கள், அவர்கள். ஆண்பால் பெண்பால் வேறுபாடு வினையில் இல்லை என்பது மட்டும் நமக்குப் புதிது.

குவிதல், குவித்தல் என்று நமக்கு இரண்டு உண்டு. மணல் தானாகக் குவிகிறது, ஆள் அதைக் குவிக்கிறான். குமுலாரே என்பது குவித்தல் மட்டுமே. 'குவிகிறது' என்று சொல்ல வேண்டுமானால் செயப்பாட்டு வடிவமான குமுலாதுர் என்பதற்குப் போக வேண்டும்.

மூன்றாம் படி: 'ஐ' யாரிடம் இருக்கிறது?

இதுதான் முக்கியமான படி, இங்கே நிதானமாக இருங்கள். தமிழில் 'குவி' என்ற வினைக்கு எது குவிகிறதோ அதுதான் செயப்படுபொருள். நெல்லைக் குவித்தான், மண்ணைக் குவித்தான். களத்தைக் குவித்தான் என்று சொல்ல மாட்டோம், களத்தில் குவித்தான் என்போம். லத்தீனில் குமுலாரே இரண்டு விதமாகவும் வரும். பொருளைக் குவிக்கலாம்: லபிதேஸ் குமுலன்த், கற்களைக் குவிக்கிறார்கள். அல்லது, எதன்மேல் குவிகிறதோ அந்த இடத்தையே இரண்டாம் வேற்றுமையில் வைத்து, குவியும் பொருளை 'ஆல்' வேற்றுமையில் வைக்கலாம். இலக்கியத்தில் இந்த இரண்டாவது அமைப்பை அடிக்கடி சந்திப்பீர்கள்.

என் நோட்டில் இடித்த வாக்கியத்துக்கு வருவோம். ஈனியட் 11-ஆம் காண்டம், 50-ஆம் வரி. பல்லாஸ் என்ற இளைஞன் போரில் செத்துக் கிடக்கிறான். அவன் தகப்பன் எவாண்டருக்குச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. உடலின் பக்கத்தில் நின்று காவியத் தலைவன் ஈனியஸ் சொல்கிறான்: இந்நேரம் அவர் வீண் நம்பிக்கையில் மயங்கி, ஒருவேளை வேண்டுதல் செய்துகொண்டிருப்பார், குமுலத்க்வெ அல்தாரிய தோனீஸ். கடைசியில் ஒட்டிய 'க்வெ' என்பது நம் 'உம்' போல. குமுலத், குவிக்கிறார். அல்தாரிய, பலிபீடங்களை. தோனீஸ், காணிக்கைகளால். பலிபீடம் கண்ணுக்குத் தெரியாதபடி காணிக்கை நிறைந்து கிடக்கிறது. 'பலிபீடங்கள் நிறையக் காணிக்கைகளைக் குவிக்கிறார்' என்று எழுதினால் தமிழும் சரியாகிறது, எவாண்டரின் நிலைமையும் நெஞ்சில் தைக்கிறது. மகன் உயிரோடு இல்லை, அப்பாவோ கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருக்கிறார்.

ஆக, குமுலாரே வரும் எந்த வாக்கியத்திலும் முதல் வேலை, 'ஐ' வேற்றுமையில் இருப்பது எது என்று பார்ப்பது. அது குவியும் பொருளா, நிறையும் இடமா? அதற்குப் பிறகு 'ஆல்' வேற்றுமையைத் தேடுங்கள். அது இருந்தால் பெரும்பாலும் இரண்டாவது அமைப்புதான். லத்தீனில் அந்த வேற்றுமை நம் மூன்றாம் வேற்றுமை, ஐந்தாம் வேற்றுமை இரண்டின் வேலையையும் ஒருசேரப் பார்க்கிறது. வீரமாமுனிவர் லத்தீன் தெரிந்தவர்களுக்குத் தமிழ் கற்றுக்கொடுக்க லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சானது. அதே பாதையில் நாம் எதிர்த்திசையில் நடக்கிறோம், அவ்வளவுதான்.

நான்காம் படி: மனிதரையும் கடனையும் குவிப்பது

இடம் என்பது ஒரு மனிதராகவும் இருக்கலாம். அமீகும் தோனீஸ் குமுலத் என்றால் நண்பனைப் பரிசுகளால் திணறடிக்கிறான். பிரெஞ்சு படித்தவர்களுக்கு 'கொம்ப்லே' என்ற வினை தெரிந்திருக்கும். அது குமுலாரேயின் நேர் வாரிசு, இன்றும் அதே அமைப்பில் ஒருவரைப் பரிசுகளால் 'கொம்ப்லே' செய்கிறார்கள். ஸ்பானிய மொழியின் 'கொல்மார்' இன்னொரு வாரிசு.

சிசரோ கி.மு. 55-இல் எழுதிய பேச்சுக்கலை நூலில், பெரிய விஷயங்கள், கலைகள் எல்லாவற்றிலும் அறிவு பெறாத எவனும் 'ஒம்னீ லௌதெ குமுலாதுஸ் ஓராதொர்' ஆக முடியாது என்கிறார். எல்லாப் புகழாலும் நிறைந்த பேச்சாளன். குமுலாதுஸ் என்பது பெயரெச்சம் போல ஓராதொருக்கு முன் நிற்கிறது, லௌதெ 'ஆல்' வேற்றுமை. 'குவிக்கப்பட்ட பேச்சாளன்' என்று எழுதிவிடாதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ரோமானிய வரலாற்றாசிரியர் லிவியின் நூலில் இருக்கிறது, 2-ஆம் நூல், 23-ஆம் பகுதி. கி.மு. 495. போரில் படைத்தலைவனாக இருந்த ஒரு கிழவன் கந்தலோடும் சிக்குத் தாடியோடும் ரோம் நகரச் சதுக்கத்தில் வந்து நிற்கிறான். சபினியர்களோடு நடந்த போருக்குப் போயிருந்தபோது அவன் வயலைச் சூறையாடி, வீட்டைக் கொளுத்தி, ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த நேரத்தில் வரி வேறு விதித்தார்கள், கடன் வாங்கினான். அந்தக் கடன், 'இத் குமுலாதும் ஊஸூரீஸ்', முதலில் அப்பன் பாட்டன் நிலத்தைப் பறித்தது, அப்புறம் மற்ற சொத்துகளை, கடைசியில் நோய் போல உடம்புக்கே வந்து சேர்ந்தது. இத் என்றால் 'அது', அதாவது கடன். ஊஸூரீஸ், வட்டிகளால். குமுலாதும், குவிந்து பெருத்தது. வட்டி குட்டி போடுவது என்று நாம் சொல்வதை அவர்கள் குவியல் என்றார்கள். இங்கேயும் அமைப்பைப் பாருங்கள்: பெருத்தது கடன், பெருக்கியது வட்டி. பலிபீடம், காணிக்கை இருந்த அதே இரண்டு இருக்கைகளில் இவை உட்கார்ந்திருக்கின்றன.

ஐந்தாம் படி: ஒரே தோற்றமுள்ள சொற்கள்

குமுலோ என்பது 'குவிக்கிறேன்' என்ற வினையாகவும் இருக்கும், 'குவியலால்', 'குவியலுக்கு' என்ற பெயராகவும் இருக்கும். எழுத்திலும் ஒலியிலும் வித்தியாசமே கிடையாது. ஈனியட் 1-ஆம் காண்டம், 105-ஆம் வரியில் புயல் காட்சி: இன்ஸெக்விதுர் குமுலோ ப்ரைருப்துஸ் அக்வை மோன்ஸ். கப்பல் பக்கவாட்டில் திரும்பிக் கொடுக்க, செங்குத்தான நீர்மலை ஒன்று குவியலாகத் துரத்தி வருகிறது. இன்ஸெக்விதுர் (துரத்துகிறது) என்ற வினை ஏற்கெனவே முதலிலேயே வந்துவிட்டது, எழுவாய் மோன்ஸ் (மலை). ஆகவே குமுலோ இங்கே வினையாக இருக்க முடியாது. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்: வரியின் கடைசியில் மோன்ஸ் என்ற ஓரசைச் சொல் மட்டும் தனியாக நின்று, அலை தலைக்கு மேலே எழுந்து நிற்பது போலவே கேட்கும்.

இன்னொன்று குமுலாதெ, குமுலாதே. குறில் தெ என்றால் 'குவியுங்கள்' என்ற ஏவல் பன்மை. நெடில் தே என்றால் 'நிறைவாக, தாராளமாக' என்ற வினையடை. லத்தீன் எழுத்தில் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். நம் கண்ணுக்குக் குமுலாதே 'செய்யாதே' போல எதிர்மறையாகத் தெரியும், அதில் ஏமாறாமல் இருக்க வேண்டும்.

ஆறாம் படி: பக்கத்து வீட்டுச் சொற்கள்

குவிப்பதற்கு லத்தீனில் குமுலாரே மட்டும் இல்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் படிக்க வேண்டியதில்லை. எதிரில் வரும்போது அடையாளம் தெரிந்தால் போதும்.

அக்கெர்வுஸ் என்பதும் குவியல்தான் (இதன் ககரம் எழுத்தில் ஒன்றுதான், நம் எழுத்தில் வலித்துக் காட்ட வேறு வழியில்லை). அதிலிருந்து கோஅக்கெர்வாரே, ஓரிடத்தில் சேர்த்துக் குவிப்பது. கி.மு. 57-இல் நெர்வீ இனத்தாரோடு நடந்த சண்டையைச் சொல்லும்போது சீசர் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்: பிணங்கள் குவிந்துவிட, மிஞ்சியவர்கள் மேட்டின்மேல் நின்று எறிவது போல அவற்றின்மேல் நின்று ஈட்டி எறிந்தார்கள். அல்லியா ஆற்றங்கரையில் வென்ற கவுல் மக்கள் தங்கள் வழக்கப்படி ஆயுதங்களின் குமுலுஸ்களைக் கோஅக்கெர்வாரே செய்தார்கள் என்று லிவி ஒரே மூச்சில் இரண்டு சொல்லையும் வைக்கிறார்.

கொன்கெரெரே என்பது பல இடத்திலிருந்து கொண்டுவந்து போடுவது. இதற்குச் செயப்படுபொருள் பெரும்பாலும் கொண்டுவரும் சரக்குதான். பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் எதிரியின் தலைமேல் நெருப்புத்தணலைக் குவிப்பது பற்றி வரும் 12:20 வசனம் பலருக்கும் தெரியும். லத்தீன் விவிலியத்தில் அங்கே இருப்பது இந்த வினை: தணல் 'ஐ' வேற்றுமையில், தலைக்கு முன்னால் 'மேல்' என்ற பொருள் தரும் ஸுபெர். நம் தமிழ் அமைப்போடு அச்சாகப் பொருந்துகிறது. குமுலாரேயோடு குழம்பியவர்கள் இந்த வசனத்தைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

அக்கெர் என்பது மண்மேடு, கோட்டையைப் பிடிக்கக் கட்டும் சாய்வுமேடை (இதில் வரும் க்க, 'தங்கம்' என்பதன் மெல்லிய ககரம் இரட்டித்தது). கி.மு. 52-இல் அவாரிகும் நகரத்தை முற்றுகையிட்டபோது, குளிரிலும் ஓயாத மழையிலும் 25 நாளில் 330 அடி அகலமும் 80 அடி உயரமும் உள்ள அக்கெரைத் தன் வீரர்கள் எழுப்பியதாகச் சீசர் எழுதுகிறார். இதிலிருந்து வந்த அக்கெராரே, மேடாகக் குவிப்பது. ஈனியட் 4-ஆம் காண்டத்தில் வதந்தி என்னும் தெய்வம் இயார்பஸ் மன்னனிடம் போய், சொற்களால் அவன் மனதைக் கொளுத்தி, 'அக்கெரத் ஈராஸ்', கோபத்தை மேடுமேடாக எழுப்புகிறாள். ஆங்கிலத்தில் மிகைப்படுத்துவதற்குச் சொல்லும் எக்ஸாஜரேட் இந்த மண்மேட்டிலிருந்துதான் வந்தது. ஒரு எச்சரிக்கை: அகராதியில் அக்கெரோ என்று இரண்டு தனித்தனி வினைகள் இருக்கும், விகுதி சேரும் விதத்தை வைத்து அவற்றை வகை பிரிப்பார்கள். அக்கெரத் என்று வந்தால் முதல் வகை, அக்கெரித் என்று வந்தால் மூன்றாம் வகை.

அக்குமுலாரே என்பது குமுலாரேயோடு 'அத்' என்ற முன்னொட்டு சேர்ந்தது. ஆங்கிலத்தின் அக்யுமுலேட்டைப் பார்த்து 'சேர்த்து வைப்பது' என்று மட்டும் நினைக்காதீர்கள். ஈனியட் 6-ஆம் காண்டத்தின் முடிவில், பாதாள உலகில் ஈனியஸின் தந்தை ஆங்கீஸிஸ் தன் வம்சத்தில் இனிமேல் பிறக்கப்போகும் மார்செல்லுஸைக் காட்டுகிறார். அகஸ்டஸின் அக்கா மகனான மார்செல்லுஸ் கி.மு. 23-இல் இளம் வயதில் இறந்துபோனான். கை நிறைய லில்லி மலர் கொடுங்கள் என்கிறார் கிழவர், 'அனிமம்க்வெ நெபோதிஸ் ஹீஸ் ஸல்தெம் அக்குமுலெம் தோனீஸ்'. என் வழித்தோன்றலின் ஆன்மாவை இந்தக் காணிக்கைகளாலாவது நிறைக்கிறேன். ஆன்மா 'ஐ' வேற்றுமையில், காணிக்கை 'ஆல்' வேற்றுமையில். எவாண்டரின் பலிபீடம் இருந்த இடத்தில் இப்போது ஓர் ஆன்மா இருக்கிறது. அந்தப் பகுதியை வெர்ஜில் படித்துக்காட்டியபோது மார்செல்லுஸின் தாய் ஒக்தாவியா மயங்கி விழுந்ததாகப் பழைய வாழ்க்கைக் குறிப்பு சொல்கிறது.

வானத்திலும் இந்தச் சொல் இருக்கிறது. 1802-இல் லண்டனில் லூக் ஹோவர்ட் மேகங்களுக்கு லத்தீன் பெயர் வைத்தபோது, பஞ்சுப் பொதி போல அடியில் தட்டையாகவும் மேலே கூம்பாகவும் எழும் மேகத்துக்குக் குமுலுஸ் என்றே பெயரிட்டார்.

ஏழாம் படி: கையால் எழுதிப் பார்ப்பது

இந்த நான்கு வாக்கியங்களையும் விடையைப் பார்க்காமல் தமிழாக்குங்கள். நானே எழுதியவை, எளிமையானவை.

அக்ரிகொல ஃப்ரூமென்தும் குமுலத்.
ரேக்ஸ் பொஏதம் தோனீஸ் குமுலாவித்.
ஆரை ஃப்லோரிபுஸ் குமுலன்துர்.
இன் குமுலோ ஸ்தத்.

அக்ரிகொல உழவன், ஃப்ரூமென்தும் தானியம், ரேக்ஸ் அரசன், பொஏத கவிஞர், ஆரை பலிமேடைகள், ஃப்லோரிபுஸ் பூக்களால், ஸ்தத் நிற்கிறான்.

முதலாவது, உழவன் தானியத்தைக் குவிக்கிறான். 'ஆல்' இல்லை, முதல் அமைப்பு. இரண்டாவது, அரசன் கவிஞருக்குப் பரிசுகளை வாரி வழங்கினான், நிறைந்தது கவிஞர். மூன்றாவது செயப்பாட்டு வினை, பலிமேடைகளில் பூக்கள் நிறைந்து குவிகின்றன. நான்காவதில் குமுலோ பெயர்ச்சொல், குவியல்மேல் நிற்கிறான். இரண்டாவது வாக்கியத்தில் 'கவிஞரைக் குவித்தான்' என்று கை போயிருந்தால் மூன்றாம் படியை மறுபடி படித்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக ஒரு கடினமான வரி

இவ்வளவும் ஆனபிறகு ஈனியட் 4-ஆம் காண்டத்தின் 436-ஆம் வரிக்கு வாருங்கள். ஈனியஸ் கப்பலேறப் போகிறான். அவனைக் காதலித்த கார்த்தேஜ் அரசி டைடோ தன் தங்கை அன்னாவைத் தூது அனுப்புகிறாள். என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கவில்லை, இத்தாலியை விடச் சொல்லவில்லை, கொஞ்ச காலம் பொறுத்துப் போகச் சொல், இந்தக் கடைசி உதவியைத்தான் கேட்கிறேன் என்கிறாள். அதன்பின் வருவது: க்வம் மிஹி கும் தெதெரித் குமுலாதம் மோர்தெ ரெமித்தம். க்வம், அதை, அதாவது உதவியை. தெதெரித், அவர் கொடுக்கும்போது. ரெமித்தம், திருப்பித் தருவேன். மோர்தெ, மரணத்தால். குமுலாதம், மேலே கூம்பு வைத்து.

இங்கே பாடபேதம் இருக்கிறது. தெதெரித் (அவர் கொடுத்தால்) என்றும் தெதெரிஸ் (நீ கொடுத்தால்) என்றும் இரண்டு பாடம். குமுலாதம் என்றும் குமுலாதா என்றும் இரண்டு பாடம். கடைசி மகரம் இருந்தால் அது உதவியோடு சேரும், மகரம் போனால் மரணத்தோடு சேரும். ஓர் எழுத்துதான், ஆனால் குவிக்கப்படுவது எது என்பதே மாறிவிடுகிறது. வெர்ஜிலைப் படித்தவர்கள் பழங்காலத்திலிருந்தே இந்த வரியில் நின்று யோசித்திருக்கிறார்கள்.

நான் மகரம் உள்ள பாடத்தையே எடுத்துக்கொள்கிறேன். காரணம் முதல் படியில் சொன்ன அரிசிப் படிதான். பக்கத்து வீட்டில் தலைதட்டி வாங்கின அரிசியைத் திருப்பிக் கொடுக்கும்போது கோபுரமாக அளந்து கொடுப்பார்களே, டைடோ அப்படித்தான் பேசுகிறாள். வாங்குவது சில நாள் அவகாசம், திருப்பிக் கொடுக்கும்போது மேலே வைப்பது தன் சாவு. அன்னாவுக்கு அது புரியவில்லை. அக்காவின் வார்த்தைகளைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்கும் வீட்டுக்குமாக நடக்கிறாள்.